தாலியோடு காத்திருந்த சனிக்கிழமை

தாயின் பிள்ளைகளே, அன்பர்களே,

சென்ற தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சென்னை விமான நிலையத்தில், என் தங்கை மகளுக்குரிய தாலியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடுங்கி நின்றேன். விடிந்தால் முகூர்த்தம். திருமணமோ கடலுக்கு அப்பால், அந்தமானில். எனக்கு விமானத்தில் இடம் இல்லை. அந்த ஊருக்குப் பேருந்து கிடையாது, தொடர்வண்டி கிடையாது. கப்பலில் போனால் நான் கரையேறும்போது மறுவீட்டு விருந்தும் முடிந்திருக்கும். அந்த நேரத்தில் நான் எதை வேண்டினேன், எப்படிக் காக்கப்பட்டேன் என்பதை உங்கள்முன் ஒளிக்காமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் பிறந்த ஊர் நாகலாபுரம் பக்கம். கோவில்பட்டியில் பள்ளி ஆசிரியனாக இருக்கிறேன். என் ஒரே தங்கை முத்துலட்சுமியை எப்போதும்வென்றான் என்ற ஊரில் கட்டிக்கொடுத்தோம். எங்கள் வகையறாவில் பெண்ணுக்குரிய தாலி தாய்மாமன் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். குலதெய்வமான உச்சினிமாகாளியின் காலடியில் வைத்துப் பூசாரி எடுத்துக் கொடுத்தபின், மணவறை சேரும்வரை அது தரையைத் தொடக் கூடாது. தாய்மாமன் கையைவிட்டு வேறு கைக்கு மாறவும் கூடாது.

என் தங்கையின் திருமணத்தில் இந்த முறை தவறிப்போயிற்று. எங்கள் தாய்மாமன் ஏதோ மனத்தாங்கலில் வராமல் இருந்துவிட்டார். முகூர்த்தம் கடந்துவிடுமே என்ற பதற்றத்தில், கடைக்கு ஓடி வாங்கிவந்த தாலியைக் கட்டினார்கள். மகள் கயல்விழி நடை பழகுமுன்பே, பருத்திக்காட்டில் பாம்பு கடித்து மைத்துனர் இறந்துபோனார். ஒன்றனால்தான் மற்றொன்று நேர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் தங்கை அப்படித்தான் நம்பினாள். அந்த நம்பிக்கையோடுதான் அவள் இத்தனை காலம் மகளை வளர்த்தாள். கயலுக்குத் தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவனும் நான்தான்.

கயல் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் கடற்கரையில் திருமணம் செய்துகொள்ள விரும்பினார்கள். இரு வீட்டாரும் இசைந்தோம். உறவினர் அனைவரும், என் மனைவி உட்பட, முன்பதிவு செய்த சீட்டில் முன்னதாகவே தீவுக்குப் போய்விட்டார்கள். என்னால் அவர்களோடு போக முடியவில்லை. எங்கள் அம்மன் சந்நிதி வெள்ளிக்கிழமை மட்டுமே திறக்கும். அன்று தாலியை வாங்கி, அன்று மாலையே தொடர்வண்டி ஏறினால்தான் சனிக்கிழமை சென்னையைப் பிடிக்கலாம்.

என் மகன் கதிர் சென்னை விமான நிலையத்தில் ஒரு விமான நிறுவனத்தின் தரைப்பணியாளன். அவன்தான் தைரியம் சொன்னான்.

"நீங்க எதுக்குப்பா தனியா டிக்கெட்டு எடுக்கணும்? எங்க கம்பெனியில அப்பா அம்மாவுக்கு பாஸ் உண்டும்லா. காலையில ஒண்ணு, மதியத்துக்கு மேல ஒண்ணுன்னு ரெண்டு விமானம் அந்தமானுக்குப் போகுது. ரெண்டுல ஒண்ணுல ஏத்தி விட்டுருதேன்."

அந்தச் சலுகையின் தன்மையை அவன் மறைக்கவில்லை. பணம் கொடுத்தவர்கள் அனைவரும் அமர்ந்தபின் இருக்கை மிஞ்சினால் மட்டுமே நமக்கு இடம். மிஞ்சாவிட்டால் நின்றுவிட வேண்டியதுதான். அதற்கென்று சில ஒழுங்குகளும் இருந்தன.

"வேட்டி வேண்டாம்ப்பா, பேண்ட் போட்டுட்டு வாங்க. ரப்பர் செருப்பு ஆகாது. கவுண்டர்ல போயி, கல்யாணம் இருக்கு, அவசரம், சீட்டுக் குடுங்கன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. கேட்டா என் பாஸுக்கே வேட்டு வச்சிருவாங்க."

"வேட்டி மடி இல்லாம தாலிய எங்கனலே வைக்க?"

"சட்டைப் பையில வச்சு ஊக்கு மாட்டிக்கிடுங்க. உங்கள யாரு களவாங்கப் போறா?"

சனிக்கிழமை காலை விமான நிலையத்தில் என்னை எதிர்கொண்ட கதிர், நேரே அவன் நிறுவனத்தின் கவுண்டர் முகப்புக்கு அழைத்துப்போனான். நான் பாதி வழியில் நின்றுவிட்டேன்.

"வாங்கப்பா, பேரு குடுத்துருங்க. ஊழியர் குடும்பத்துக்குள்ள முதல்ல வந்து நிக்கவியளுக்குத்தான் முதல்ல சீட்டு."

"இப்ப ராகுகாலம்லா ஓடுது. தாலிய வச்சுக்கிட்டு எப்படிலே பேரு குடுக்க?"

"விமானத்துக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாதுப்பா."

"அம்மனுக்குத் தெரியும்லா. செத்த இரு."

ராகுகாலம் கழியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் முதுகுப்பையோடு ஓர் இளம் இணையர் வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களும் ஊழியர் சலுகையில் வந்தவர்களே. கடலுக்கடியில் மீன் பார்க்கப் போகிறவர்கள். காலை விமானத்தில் மிஞ்சியவை இரண்டே இருக்கைகள். இரண்டும் அவர்களுக்குப் போயின. நான் முந்தியிருந்தால் ஒன்று என்னுடையது.

கதிர் கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னான்: "ராகு ஏறிப் போயிட்டாரு. நாம நிக்கோம்."

அப்போதுதான் அச்சம் என்னை முதன்முதலாகத் தொட்டது. இனி எஞ்சியது பிற்பகல் விமானம் ஒன்றே. அந்தத் தீவில் மாலைக்குமேல் விமானம் இறங்குவதில்லை. மறுநாள் முதல் விமானம் தரையிறங்குமுன் முகூர்த்தம் முடிந்துவிடும். பணம் கொடுத்தேனும் வாங்கிவிடுவோம் என்று கதிர் எல்லா நிறுவனங்களிலும் தேடினான். விடுமுறைக் கூட்டம், ஓர் இருக்கைகூட இல்லை.

என் தங்கை அழைத்தாள்.

"அண்ணே, விமானம் ஏறிட்டியளா?"

"இல்லட்டி. அடுத்ததுல வாரேன்."

அவளுக்குப் பின்னால் நாதசுரக்காரர் ஒத்திகை பார்க்கும் ஓசை கேட்டது.

"இங்கன ஒரு நகைக்கடை இருக்காம். மாப்பிள்ள வீட்டுல அவசரத்துக்கு ஒண்ணு வாங்கி வைப்பமான்னு கேக்காவ. நான் ஒண்ணும் சொல்லலண்ணே. எனக்கு நடந்தது எம்பிள்ளைக்கும் நடந்துரக் கூடாதுண்ணே."

"நான் வந்துருவேன் லச்சுமி."

சொல்லிவிட்டேன். ஆனால் என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. கைபேசியை வைத்தேன். சட்டைப் பைமீது வைத்த கையை எடுக்கவே பயமாக இருந்தது. மணவறையில் கடைத்தாலியைப் பார்த்தபடி என் தங்கை நிற்கும் காட்சி கண்முன் வந்து வந்து போயிற்று. அவள் வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டாள். ஆனால் அன்று முதல் மருமகனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அவள் உயிர் பதறும். வாழ்நாள் முழுவதும் அஞ்சுவாள். அந்த அச்சத்தை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தவன் நான் என்றாகிவிடும்.

பிற்பகல் விமானத்துக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். தன் தகப்பனுக்காகப் பேசக் கூடாது என்பது பணிவிதி. அதனால் கதிர் முகப்பின் பக்கமே வராமல் எட்ட இருந்த தூணருகில் நின்றான். நானும் யாரிடமும் கேட்கக் கூடாது. மனிதரிடம் கேட்கவே முடியாத ஓர் இடத்தில் நான் நிறுத்தப்பட்டிருந்தேன். கேட்பதற்கு எனக்கு என் அம்மன் ஒருத்தியே இருந்தாள்.

நேரம் செல்லச் செல்லப் பயணிகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது என் நெஞ்சு ஒரு படி இறங்கியது. கடைசியில் கதிர் அருகே வந்து, வேறு பக்கம் பார்த்தபடி தாழ்ந்த குரலில் சொன்னான்.

"விமானம் நிறைஞ்சுட்டுப்பா. ஒரே ஒரு ஆளு மட்டும் வரல. அந்த ஆளு வரலன்னா உங்களுக்குத்தான். கவுண்டர் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு."

அன்பர்களே, அப்போது நான் வேண்டியதைச் சொல்ல நாக்கூசுகிறது. வாயிற்கதவையே பார்த்துக்கொண்டு, "தாயே, அந்த ஆள் வரக் கூடாது" என்று வேண்டினேன். வண்டி பழுதாகட்டும் என்று வேண்டினேன். வழியில் கூட்டம் மறிக்கட்டும் என்று வேண்டினேன். அதற்கு மேலும் என் மனம் போயிற்று. "வழியில் ஏதாவது" என்று தொடங்கியவன் திடுக்கிட்டு நின்றேன். என்ன கேட்கிறேன்? யாரிடம் கேட்கிறேன்? ஒரு பெண்ணின் வாழ்வு நிலைக்க வேண்டும் என்று அம்மன் காலடியில் வைத்து எடுத்த தாலி என் நெஞ்சின்மேல் இருக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டே, முகமறியாத ஓர் உயிருக்குத் தீங்கு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விமானத்தில் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தைவிடப் பெரிய அச்சம் அப்போது என்னைப் பிடித்தது. என் வேண்டுதல் பலித்துவிடுமோ என்று அஞ்சினேன்.

கண்களை மூடிக்கொண்டேன். "தாயே, நான் கேட்டதைக் கேளாதே. வருகிறவரை வரவிடு. யாரையும் தடுக்காதே. உனக்கு வழி தெரிந்தால் என்னையும் கொண்டுபோய்ச் சேர். இல்லையென்றால் என் தங்கைக்கு மனத்திடம் கொடு." இவ்வளவுதான். வேறு சொல் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது வாயில் வழியே ஒரு பெண் ஓடிவந்துகொண்டிருந்தாள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒரு கையில். கைப்பை மறு கையில். வேர்த்து நனைந்திருந்தாள். எந்த முகப்புக்குப் போவது என்று தெரியாமல், அத்தனை பேரிலும் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, அந்தமான் கவுண்டர் மூடிட்டாங்களா? ஆட்டோ நடு ரோட்டுல நின்னுபோச்சுய்யா. அங்க பிள்ளைக்குக் காய்ச்சல்னு பக்கத்து வீட்டுல போன் பண்ணிட்டே இருக்காங்க. இதை விட்டா நாளைக்குத்தான்யா."

நான் வேண்டிய பழுது. நான் கேட்ட தடை. அது நிகழ்ந்தே இருந்தது; அதையும் தாண்டி அவள் வந்து நின்றாள். நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் முகப்பு மூடியிருக்கும். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் ஓடினேன்.

"அம்மா, மூடிராதீங்க! அந்தமானுக்கு ஒரு ஆளு வந்துட்டாங்க!"

முகப்புப் பெண் என்னை வியப்போடு பார்த்தார். காத்திருப்போரில் முதல் பெயர் யாருடையது என்பது அவருக்குத் தெரியும். "சார், நீங்க...?" என்று தொடங்கியவர், நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணுக்குச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் கும்பிட்டுவிட்டு ஓடினாள். முகப்பு மூடப்பட்டது.

கதிர் தூணருகிலிருந்து வந்தான். "ஏம்ப்பா, நீங்களே கூட்டிட்டுப் போயி ஏத்தி விட்டுட்டியளே" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. தங்கைக்குச் செய்தி சொல்லக் கைபேசியை எடுத்தேன். எண்ணை அழுத்தாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். செத்துவிடலாம் போலிருந்தது. அது மிகையன்று.

அந்த நேரத்தில்தான் முகப்புப் பெண்ணின் தொலைபேசி ஒலித்தது. அவர் கேட்டுக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். பேசி முடித்துவிட்டு, "சார், கிளம்பிடாதீங்க" என்றார்.

அந்தமானுக்குப் போக வேண்டிய விமானத்தில் ஏதோ சிறு பழுதாம். அதற்குப் பதிலாக, வேறொரு வழித்தடத்திலிருந்து வந்திறங்கி ஓய்வாக நின்ற பெரிய விமானத்தை அனுப்புகிறார்களாம். பணம் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் அமர்ந்த பின்னும் அதில் வரிசை வரிசையாக இருக்கைகள் மிஞ்சும். என் பெயர் அழைக்கப்பட்டது. எனக்குப் பின்னால் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் அழைக்கப்பட்டார்கள். ஒருவர்கூட நிற்கவில்லை.

அப்போதும் அச்சம் முழுதும் விடவில்லை. விமானத்தை மாற்றுவதற்குள் தீவின் ஓடுபாதை மூடும் நேரம் வந்துவிட்டால்? சோதனை வாயிலில் தாலியைத் தட்டில் வைக்கச் சொன்னபோது என் கை எழவில்லை. கதிர் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான்: "வைங்கப்பா! தட்டு தரையில்ல, தட்டு ஆளுமில்ல!" வைத்தேன். தட்டு கருவிக்குள் நுழைந்து வெளியே வரும்வரை அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடலுக்குமேல் விமானம் குலுங்கிய ஒவ்வொரு முறையும் அம்மன் பெயரைச் சொன்னேன். சக்கரம் தரையைத் தொட்டபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

அந்தப் பெண் எனக்கு முன்னே இறங்கினாள். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பாராமல் ஓடினாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை கடலோரப் பந்தலில், என் கையிலிருந்து நேரே மாப்பிள்ளை கைக்குத் தாலி போயிற்று. என் தங்கை அழவில்லை. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அவள் முகத்தில் அச்சமில்லாததைக் கண்டேன். பந்தி முடிந்தபின் நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். நான் முதலில் வேண்டியதையும் சொன்னேன். முழுவதும் கேட்டவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சாண்ணே?"

எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. அன்று முதல் நாள்தோறும் விளக்கேற்றும்போது, என் பிள்ளைகளுக்கு முன்பாக அந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அந்தப் பெண் வராமல் போயிருந்தாலும் எனக்கு அந்த விமானத்தில் இடம் கிடைத்திருக்கும்; தாலி நேரத்தில் சேர்ந்திருக்கும். ஆனால் அவள் அங்கே நின்றுபோக, அது என் வேண்டுதலால் நேர்ந்தது என்ற எண்ணத்தைச் சுமந்துகொண்டு நான் மணவறையில் நின்றிருப்பேன். அதிலிருந்து என்னைக் காத்ததைத்தான் அன்னை எனக்குச் செய்த பேருதவியாகக் கருதுகிறேன். விமானத்தில் கிடைத்த இருக்கை அதற்கு அடுத்ததே.

அன்பர்களே, உங்களில் யாரேனும் இன்று ஒரு முகப்பின் முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்கலாம். அது மருத்துவமனையாக இருக்கலாம். மகனின் வேலைக்கான நேர்காணலாக இருக்கலாம். அஞ்சுவதில் இழுக்கில்லை, நானும் அஞ்சினேன். அஞ்சிக்கொண்டே அவளிடம் கேளுங்கள். ஆனால் இன்னொருவருடைய இடத்தைக் கேட்காதீர்கள். உங்களுக்கென்று ஓர் இடம் தரும்போது, வேறு யாரையும் எழுப்பிவிட வேண்டிய நிலையில் அவள் இல்லை.