மிச்சக்கார அக்கா

வாசலில் செருப்பைக் கழற்றியதும் அவர் குழந்தையைத் தேடுவதில்லை. நேரே அடுப்படிக்குப் போகிறார். "மூடியைத் திறக்கலாமா?" என்று கேட்கும்போதே மூடி கையில் இருக்கிறது. பாத்திரத்துக்குள் குனிந்து மோந்து பார்க்கிறார். கரண்டியால் அடியைச் சுரண்டுகிறார். அதன் பிறகுதான் முதல் கேள்வி வருகிறது: "நேத்து என்ன மிச்சமாச்சு?"

என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் யாரையும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஓர் அழகான பதில் தயாராக இருக்குமாம். "சாப்பிட்டதைப் பத்தின்னா கொஞ்சம் ஏத்தித்தான் சொல்லுவாங்க. மிச்சத்தைப் பத்திப் பொய் சொல்லணும்னு யாருக்கும் தோணாது" என்கிறார். அவருடைய அடையாள அட்டையில் 'ஊட்டச்சத்து ஆலோசகர்' என்று அச்சடித்திருக்கிறது. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னவர்கள் குறைவு. தாய்மார்களுக்கு அவர் மிச்சக்கார அக்கா.

ஐம்பதை நெருங்கும் வயது. வேகமான நடை. தோள்பையில் எடை பார்க்கும் தராசு, குழந்தைகளின் கையைச் சுற்றி அளக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு நாடா, ஆறு அளவுகளில் கரண்டிகள், என்ன மாவு என்று வெளியே எழுதாத நாலைந்து டப்பாக்கள். எழுதி வைத்தால் என்ன என்று கேட்டால், "மோந்து பார்த்தா தெரியாதா?" என்று திருப்பிக் கேட்கிறார். சந்தையில் காய் வாங்குவதைவிடக் காய்க்காரர்கள் கழித்துப் போடுவதைப் பார்ப்பதில்தான் அவருக்கு நேரம் போகிறது. பூசணி விதை, முள்ளங்கித் தழை, உடைந்த கடலை. "இதையெல்லாம் ஏன் தள்ளிட்டீங்க?" என்பதைக் குறையாக அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்பார். அதனால் அவர்களும் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பதில் சொல்வார்கள்.

முன்பு பதினோரு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையில் உட்கார்ந்து உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்தவர் அவர். ஒருநாள் ஏதோ வேலையாக ஒரு வீட்டுக்குப் போனபோது, தம் கையெழுத்திலுள்ள பட்டியல் நாலாக மடிந்து, ஆடும் மேசையின் காலுக்கு அண்டக் கொடுத்திருப்பதைப் பார்த்தார். கோபம் வரவில்லை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அவர்கள் வேறென்னதான் செய்திருக்க முடியும் என்ற யோசனைதான் வந்தது. மறுமாதமே மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போகும் இந்த வேலைக்கு வந்துவிட்டார்.

அவருடைய கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். "ஊரிலிருக்கிற அடுப்பெல்லாம் அவளுக்கு அத்துபடி. எங்க வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு கேளுங்க, முழிப்பா" என்று சிரிக்கிறார். வீட்டில் சமையல் கணவர்தான்.

சத்துமாவுப் பாக்கெட்டுகளை வண்டியில் கொண்டுவந்து கொடுப்பவர்களோடு அக்காவுக்குச் சண்டையில்லை. "வரட்டும், நல்லதுதான். வண்டி வராத அன்னைக்கும் குழந்தைக்குப் பசிக்குமே?" என்பதோடு சரி. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தத் தெருவில் கிடைப்பதை வைத்துத்தான் பேச்சு. பயறு கிடைக்குமா, முட்டை கிடைக்குமா, யார் வீட்டுக் கொல்லையில் கீரை முளைக்கிறது?

இந்தக் கேள்விகளெல்லாம் பலிக்காத வீடு ஒன்று இருந்தது.

பதினான்கு மாத ஆண் குழந்தை. கையில் நாடாவைச் சுற்றினால் மஞ்சளின் கடைசிக் கோட்டில், ஆபத்தான சிவப்பைத் தொடுகிற மாதிரி நின்றது. நோய் எதுவும் இல்லையென்று டாக்டர் சொல்லிவிட்டார். தாய் தையல் கம்பெனியில் வேலை செய்கிறவள். காலையில் தானியமும் பயறும் கடலையும் சேர்த்து, சொன்னது சொன்னபடி கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவளுடைய நாத்தனார். இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. அக்காவின் வேலையைச் சரிபார்க்க வந்த மேற்பார்வையாளர் குழந்தையின் எடை நோட்டில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார்: 'தாய்க்கு அக்கறை இல்லை.'

அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட தாய் அழவில்லை. "நான் வேணும்னா வேலையை விட்டுடறேன்க்கா. வேற என்ன பண்றதுன்னு தெரியல" என்றாள்.

"அவசரப்படாத. நாளைக்கு ஒருநாள் நான் உங்க வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்றார் அக்கா.

மறுநாள் காலையில் போய் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், மதியம்வரை அசையவில்லை. மிச்சம் பார்த்தார்; கிண்ணத்தில் ஒன்றுமில்லை. குழந்தை வயிறு முட்டத்தான் குடிக்கிறது. பிறகு எங்கே போகிறது?

மதியம் நாத்தனார் பாத்திரத்தைத் திறந்தாள். காலையில் காய்ச்சிய கஞ்சி ஆறி, இறுகி, களிமண் மாதிரி கிடந்தது. அவள் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கரைத்தாள். வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

அக்கா, "ஆறினதும் இப்படித்தான் இறுகிடுமா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கே நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒருநாள் கெட்டிக் கஞ்சி தொண்டையில் அடைத்து, குழந்தையின் முகம் நீலமாகிப்போயிருக்கிறது. வீட்டில் வேறு யாருமில்லை. குப்புறப் போட்டு முதுகில் தட்டியதில் எப்படியோ மூச்சு வந்தது. "அன்னைக்கே என் உசிரு பாதி போயிடுச்சு. தம்பிகிட்டயும் சொல்லல, அவகிட்டயும் சொல்லல. சொன்னா இவனை என்கிட்ட விடுவாங்களா? எனக்கு இவனை விட்டா யாரிருக்கா? தண்ணியா இருந்தா சறுக்கிட்டு இறங்கிடும்ல, அதான்... நீங்களும் சொல்லிடாதீங்க."

அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது அக்கா தாம் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டார். தண்ணீரால் வயிறு நிரம்பிவிடுவதால் குழந்தைக்குச் சத்து போதவில்லை. அது விளங்கிவிட்டது. ஆனால் விஷயத்தை உடைத்தால் ஒரு வீடு இரண்டாகும். மறைத்தால் தாய்மேல் விழுந்த பழி நோட்டில் அப்படியே கிடக்கும்.

அடுத்த விடுமுறை நாளில், இரண்டு பெண்களையும் அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்தார். தாய் காய்ச்சிய கஞ்சியில் கரண்டியை நட்டார். அது நிமிர்ந்து நின்றது. டப்பாவிலிருந்து ஒரு சின்னக் கரண்டி மாவை எடுத்தார். தானியத்தை ஈரத்துணியில் முளைகட்டி, வெயிலில் காயவைத்து அரைத்த மாவு. கஞ்சி இளஞ்சூடாக இருக்கும்போதே அதில் போட்டுக் கிளறிவிட்டு, "இப்போ பாருங்க" என்று மறுபடி கரண்டியை நட்டார். கரண்டி சாய்ந்து, சறுக்கி, பாத்திரத்தின் விளிம்பில் டங்கென்று விழுந்தது.

"ஐயோ, தண்ணியே ஊத்தலையே!" என்று நாத்தனார் வாய்தவறிக் கத்திவிட்டாள்.

"ஊத்தவே வேணாம். முளைகட்டின மாவு கஞ்சியைத் தானா இளக்கிடும். அத்தனை சத்தும் உள்ளேயேதான் இருக்கு. இன்னொருதரம் கொதிக்கவிட்டு இறக்கிடுங்க. மத்தியானம்வரைக்கும் இறுகாது."

தாய் விடவில்லை. "அப்போ இத்தனை நாளும் தப்பு எதுலக்கா?"

அக்கா நாத்தனாரைப் பார்க்காமல், கஞ்சியைப் பார்த்தபடி சொன்னார்: "கஞ்சி ஆறினா இறுகுது. இவன் தொண்டை சின்னது. அவ்வளவுதான்." பிறகு மாவு டப்பாவை நாத்தனாரின் மடியில் வைத்தார். "முளைகட்டுறது உங்க பொறுப்பு. உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி." கிளம்பும் முன் நோட்டில் மேற்பார்வையாளரின் வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார்: 'கஞ்சி ஆறினால் இறுகுகிறது.'

தாயிடம் நாத்தனார் பிறகு எப்போதாவது சொன்னாளா என்பது அக்காவுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விட்ட ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆறு வாரம் கழித்து சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் நாள். நாடா பச்சைக்கு இன்னும் வரவில்லை; ஆனால் மஞ்சளின் நடுவுக்கு நகர்ந்திருந்தது. தராசுத் தொட்டிலில் வைத்ததும் குழந்தை உடம்பை வில்லாக வளைத்து, காலை உதைத்து, கூரை அதிர அழ ஆரம்பித்தது. முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. "யாராச்சும் சமாதானப்படுத்துங்கப்பா, எடை தெரியல" என்று நர்ஸ் எரிச்சலோடு சொன்னாள். தாயும் நாத்தனாரும் ஒன்றாக ஓடினார்கள்.

முதல் நாள் இதே தொட்டிலில் துணிமூட்டை போலக் கிடந்த குழந்தை அது. அழுவதற்கான தெம்புகூட அன்று இருக்கவில்லை. மிச்சக்கார அக்கா ஒரு கையை உயர்த்தி மூன்று பேரையும் நிறுத்தினார். பிறகு அந்தக் கையை இறக்காமலே, காதைத் தொட்டில் பக்கம் சாய்த்து நின்றார்.