பூண்டுலோயாவில் ஓர் இடைத்தேர்தல் பட்டியல்

பூண்டுலோயா கடைத்தெருவில் பஸ் சற்று நேரம் நிற்க, இறங்குகிறேன். தொகுதி உறுப்பினர் இறந்துபோனதால் இங்கே இடைத்தேர்தல். கிராமச் சங்கச் சுவரில் வாக்காளர் பட்டியல் ஆங்கிலத்தில் தொங்குகிறது. தலையில் கம்பளி போர்த்திய ஓர் அம்மா என்னை நிறுத்துகிறார்.

"தம்பி, இங்கிலீசு தெரியுங்களா? முத்தாயின்னு இருக்கா பாருங்க. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக்கூடப் போகாம வந்திருக்கேன்."

நானும் வேறொரு தோட்டத்துப் பிள்ளைதான் என்று சொல்லிக்கொண்டே இரண்டு முறை விரல் வைத்துத் தேடுகிறேன். கடைக்காரர்கள் பெயர் இருக்கிறது. முத்தாயி இல்லை.

"மொத எலெக்சன்ல ஓட்டுப் போட்டேங்க. போன பெரிய எலெக்சன்ல பேரு இல்லன்னாங்க. இது ஒரே ஆளுக்கு நடக்குற சின்ன எலெக்சன்தானே, இதுலயுமா வெட்டிட்டாங்க?"

பொதுத்தேர்தல் நாடு முழுவதற்கும், இடைத்தேர்தல் காலியான ஓர் ஆசனத்துக்கு மட்டும் என்று விளக்குகிறேன். ஆனால் பட்டியல் இரண்டுக்கும் ஒன்றுதான். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டம் தோட்டத் தமிழர்களின் பிரஜாவுரிமையைப் பறித்துவிட்டது; அது இல்லாதவர்களுக்கு அதில் இடமில்லை.

"இவ்வளவு படிச்சிருக்கீங்க. ஒங்க தோட்டத்துப் பட்டியல்ல ஒங்க பேரு இருக்குங்களா?"

"இல்லைங்க."

அவர் சிரித்துவிடுகிறார். "அதுக்கா இம்புட்டுப் பாடம்!"

கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு தோட்டத்துப் பாதையில் ஏறுகிறார். இந்நேரம் போனாலும் இன்று வேலை கொடுக்கமாட்டார்கள். பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் இன்னும் பட்டியலின் முன்னால்தான் நிற்கிறேன்.