மழை நாளில் ஓடிய மாவு மெஷின்

மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் அடி அண்ணாமலையில் முதல் மாவு மில் வைத்தவன் நான்தான். என்னை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

போன வருஷம் எங்கள் தெருக்கோடியில் ஒரு பெண் சோலார் மாவு மெஷின் வைத்தாள். என் மில்லில் பத்து வருஷம் மாவு சலித்தவள். மகளிர் குழு வாங்கிக் கொடுத்தது. கூரைமேல் நாலு தகடு. ஒரு கிலோ கேழ்வரகு கொண்டுபோனாலும் அரைத்துத் தருவாளாம். என்னுடையது பெரிய மோட்டார், அஞ்சு கிலோவுக்குக் கம்மியாகக் கொட்டினால் கட்டுப்படியாகாது. கூலிக்குப் போகிறவர்கள் எல்லாம் அவள் வாசலில் நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டேன்.

கார்த்திகை மழையில் இரண்டு நாள் வெயிலே இல்லை. மலை தெரியாத அளவுக்கு மேகம். அப்போதும் அந்த மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தெருக் கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் இழுக்கிறாள், வேறென்ன? மில் ஆரம்பித்த புதுசில் நானே கொக்கி போட்டவன். எனக்குத் தெரியாத கொக்கியா?

வேங்கிக்காலில் மனு எழுதுகிறவரைப் பிடித்து, பேர் போடாமல் ஒரு மனு எழுதி வாங்கிக் கரண்ட் ஆபீஸ் பெட்டியில் போட்டேன்.

அடுத்த வாரம் மறுபடியும் மழை. கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று இரண்டு கிலோ கேழ்வரகோடு போனேன். வாசலில் டப்பாக்கள் வரிசையாகக் காத்திருந்தன.

"இன்னாங்க மாமா, உங்க மில்லு ரிப்பேரா?"

"மழையில எப்படிம்மா ஓடுது இது?"

"பேட்டரியில கொஞ்சம் மிச்சம் வெப்பேன். கைக்குழந்தை கஞ்சிக்குக் கேக்குறவங்களுக்கு மட்டும் அரைப்பேன். இன்னிக்கு அதுவும் தீந்துடுச்சி. பையை வெச்சிட்டுப் போங்க, வெயில் வந்தா அரைக்கிறேன்."

கூரையிலிருந்து இறங்கிய ஒயரை மெஷின் வரைக்கும் பார்த்தேன். பின்பக்கமும் போய்ப் பார்த்தேன். கம்பத்திலிருந்து எதுவும் வரவில்லை.

"இன்னா தேடுறீங்க?"

"ஆடு ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சி."

"உங்ககிட்ட ஆடே இல்லியே மாமா."

பிறகு அவளே சொன்னாள். "யாரோ மனு போட்டுட்டாங்க. வியாழக்கிழமை கரண்ட் ஆபீஸ்லேர்ந்து வராங்க. அன்னியிலேர்ந்து விசாரணை முடியிற வரைக்கும் மெஷின நிறுத்தணுமாம். சும்மா கெடந்தா குழுவுல வேற ஊருக்குத் தூக்கிடுவாங்க. அப்புறம் நான் உங்க மில்லுல சலிக்கத்தான் வரணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தெரிந்து சொல்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

மறுநாள் மனுவைத் திருப்பி வாங்கப் போனேன். "பேர் இல்லாத மனுவ யாரு வாபஸ் வாங்குறது?" என்றார் ஆபீஸ்காரர். "உங்களுதுன்னா, தப்பா கொடுத்துட்டேன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க பெரியவரே. அந்தம்மாவுக்கு ஒரு நகல் போகும்."

அங்கிருந்த ஒருவர் எழுதிக் கொடுத்தார். பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினேன். மூணாங்கிளாஸில் நான் உருப்படியாகக் கற்றது என் பேர் எழுதத்தான். போட்டேன்.

வியாழக்கிழமை யாரும் வரவில்லை. சனிக்கிழமை வெயில் அடித்தது. மாவுப் பையை அவளே கொண்டுவந்தாள்.

"நகல் வந்துச்சிங்க மாமா. கையெழுத்து அழகா இருக்குது."

அவள் போன பிறகு மாவை விரலில் தேய்த்துப் பார்த்தேன். என் மெஷின் அளவுக்கு நைஸ் இல்லை. எடை சரியாகத்தான் இருந்தது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.