சத்தம் போடும் மூடாக்கு

1. பூட்டிய தோட்டம்

கொடைக்கானலில் தோட்ட வேலை கான்ட்ராக்ட் எடுத்துப் பல வருஷமாக ஓட்டுகிறவள் நான். ஓட்டல், பங்களா, பள்ளிக்கூடம், சர்ச் வளாகம் என்று எல்லா இடத்திலும் பெட், அதாவது பூச்செடிப் பாத்தி, போட்டிருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, மண்ணுக்கு மேல் விரிக்கிற மூடாக்கில் எந்த மல்ச் நல்லது என்பதுதான். அதற்குப் பதிலாக ஒரே ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

பூம்பாறை போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பார்வையில்லாத பெண்களுக்கான பயிற்சி மையம் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர், தையல், நர்சரி வேலை என்று மூன்று வகுப்பு. அதன் செயலாளர் ராஜமாணிக்கம் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்காமல் அந்த மையத்தை நடத்தி வந்தார்.

நான் போன அன்று தோட்டத்துக் கேட் பூட்டிக் கிடந்தது.

"ஒரு பொண்ணு விழுந்துருச்சும்மா. கையில எலும்பு முறிஞ்சுபோச்சு. இனிமே உள்ள யாரும் போகப்போறதில்ல. செடியை அழிக்க மனசு வரல. நீங்க பைன் சருகைத் திக்கா போட்டு மூடிருங்க. களையும் வராது, ஆளும் போக வேணாம்" என்றார்.

கேட்டைத் திறந்து காட்டினார். கட்டடத்திலிருந்து நாற்றுக் கொட்டகை வரைக்கும் ஒரு மண் பாதை. வலது பக்கம் ஜெரேனியம், அகபாந்தஸ் பூச்செடிகள். இடது பக்கம் ஹைட்ரேஞ்சியா. பாதை நடுவில் ஒரு இடத்தில் வலது பக்கமாகத் திரும்பும். திரும்பாமல் நேராகப் போனால் ஹைட்ரேஞ்சியா பெட். அதையும் தாண்டினால் கீழே ஆளுயரப் பள்ளத்தில் காய்கறிப் பாத்தி. அந்த வளைவில்தான் மகேஸ்வரி என்கிற பயிற்சிப் பெண் நேராகப் போய் விழுந்திருக்கிறாள். பாதையும் இறுகிய மண், பெட்டும் மிதிபட்டு இறுகிய மண். குச்சியால் தட்டினால் இரண்டுக்கும் ஒரே சத்தம்.

நான் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது ஒருவர் வெள்ளைக் குச்சியோடு வந்து நின்றார். நர்சரி வகுப்பு எடுக்கிற ஸ்டெல்லா டீச்சர். அவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.

"அக்கா, நீங்க போடப்போறது எப்படிச் சத்தம் போடும்?" என்று கேட்டார்.

என்ன கலர் வரும், எத்தனை நாள் தாங்கும், அட்டை வருமா, பாம்பு வருமா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சத்தத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"காஞ்சிருந்தா லேசா சரசரங்கும் டீச்சர்."

"மெத்துன்னு உள்ள போகுமா?"

"போகும். திக்கா போட்டா கால் அமுங்கும்."

"அப்ப பாதை முடிஞ்சு பெட் ஆரம்பிக்கறது எங்க காலுக்குத் தெரிஞ்சுரும்ல?" என்றவர், செயலாளர் நின்ற பக்கமாகத் திரும்பினார். "சார், மூடறதுக்குத்தான போடறீங்க? திறக்கறதுக்குப் போட்டுப் பாருங்களேன்."

ராஜமாணிக்கம் சார் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. வேண்டுமானால் பாதை முழுக்கக் கம்பி போட்டுத் தருகிறேன் என்றார்.

"கம்பி போட்டா அதைப் பிடிச்சுக்கிட்டே நடந்து பழகிருவாங்க சார். நாளைக்கு அவங்கவங்க ஊருக்குப் போனா எந்த ரோட்டுல கம்பி இருக்கும்?"

விழுந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் சார்தான். அந்தப் பயம் அவர் முகத்தில் இருந்தது. கடைசியில், "சரி, மழை வரைக்கும் பார்ப்போம். கூட ஒரு ஆள் இல்லாம யாரும் உள்ள போகக் கூடாது" என்றார்.

2. வராண்டாவில் சாம்பிள்

அடுத்த தடவை போகும்போது ஜீப்பில் சாக்கு சாக்காக ஏற்றிக்கொண்டு போனேன். பைன் சருகு, வாட்டில் மரத் துண்டு, தென்னை நார்க்கழிவு, யூகலிப்டஸ் இலை, வைக்கோல். எல்லாவற்றையும் வராண்டாவில் தனித்தனியாகக் கொட்டினேன். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக ஏறி நடந்தார்கள்.

கஸ்டமர்கள் மல்ச் தேர்ந்தெடுப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் எடுத்துப் பார்ப்பார்கள், போனில் ஒரு படத்தைக் காட்டி இதே மாதிரி வேணும் என்பார்கள். இவர்கள் தேர்ந்தெடுத்த விதமே வேறு. மிதித்தார்கள், முகர்ந்தார்கள், குச்சியால் தடவினார்கள், தள்ளி நின்று இன்னொருத்தியை நடக்கச் சொல்லிக் காதில் வாங்கினார்கள்.

நார்க்கழிவில் ஏறிய பெண், "இது ஊமைக்கா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது" என்றாள். வைக்கோல் சத்தம் நன்றாக இருந்தது, ஆனால் சீக்கிரம் மக்கிவிடும் என்று நான் சொன்னேன். யூகலிப்டஸ் இலையை எல்லாருக்கும் வாசனைக்காகப் பிடித்தது. அதன் அடியில் செடி சரியாக வளராது என்றதும் மகேஸ்வரி ஒரு யோசனை சொன்னாள். அப்போது அவள் கையில் மாவுக்கட்டு இருந்தது.

"செடி இல்லாத இடத்துல போடலாம்லக்கா? கொட்டகை வாசல்ல போட்டா வாசனைய வச்சே கொட்டகை வந்துருச்சுன்னு தெரியும்."

அவள் ஒட்டன்சத்திரத்துக்காரி. அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். சின்ன வயதில் அப்பாவோடு போய், எந்த மண்டியில் என்ன காய் இறங்குகிறது என்பதை வாசனையிலேயே சொல்லுவாளாம். விழுந்து எழுந்த பெண், தோட்டத்துப் பக்கமே வர மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள்தான் அன்று வராண்டாவில் முதலில் ஏறி நடந்தாள்.

கடைசியில் முடிவானது இது. பாதையின் இரண்டு பக்கமும் பெட்டில் பைன் சருகு. வளைவில் மட்டும் வாட்டில் துண்டு. கொட்டகை வாசலில் யூகலிப்டஸ் இலை.

3. விரித்தது

பைன் சருகைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அதைக் காட்டில் போய் அள்ளிவிட்டு வர முடியாது, அனுமதி வேண்டும். நான் ஒரு தனியார் எஸ்டேட்டில் சொல்லி வைத்து வாங்குவேன். மழைக்கு முன்னால் காய்ந்து கிடக்கிறபோதே ரேக்கு போட்டு வாரி இழுத்துக் கட்டிவிட வேண்டும். குச்சி, காய் எல்லாம் உதறி எடுக்க வேண்டும். முதலில் களை பிடுங்கி, மண்ணை நனைத்து, அதற்கு மேல் ஒரு சாண் கனத்துக்கு விரிக்க வேண்டும். அது அமுங்கிப் பாதியாகிவிடும். செடியின் தண்டை ஒட்டிப் போடக் கூடாது, அழுகிவிடும். ஊசி ஊசியாக ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் சரிவில் போட்டாலும் ஓடாது. மலைத் தோட்டத்துக்கு அதுதான் அதன் பெரிய குணம். ஆனால் நடக்கிற பாதையில் போடவே கூடாது, வழுக்கும். சமையற்கட்டு, அடுப்பு பக்கமும் வேண்டாம், நெருப்புப் பிடிக்கும்.

விரிக்க என் ஆட்களைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டெல்லா டீச்சர் விடவில்லை. "நாங்க நடக்கப்போற இடம். நாங்களே போட்டாத்தான் எங்களுக்குத் தெரியும்" என்றார். அதனால் பெண்கள் வரிசையாக முட்டி போட்டு உட்கார்ந்து கையாலேயே விரித்தார்கள். மண்ணில் கையை ஊன்றி ஒரு சாண் அளந்து அளந்து போனார்கள். செடி வந்ததும் தண்டைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் விட்டார்கள். ஓரத்தை மட்டும் என் மேஸ்திரி பாண்டி மண்வெட்டியால் வெட்டி, சருகை உள்ளே செருகி விட்டான். மகேஸ்வரி ஒற்றைக் கையால் வேலை செய்தாள். பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அன்றைக்கு நான் வேலை வாங்கவே இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரித்து முடித்ததும் ஒவ்வொருத்தியாகப் பாதையில் நடந்தார்கள். குச்சி பக்கவாட்டில் சருகைத் தொட்டதும் சரக்கென்று சிக்கும். நேராகிக்கொள்வார்கள். வளைவில் வாட்டில் துண்டு கடக்முடக்கென்றது. திரும்பிக்கொண்டார்கள். ராஜமாணிக்கம் சார் கடைசிவரை கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

4. மழை

பிறகு மழை பிடித்தது. கொடைக்கானல் மழை ஒரு தடவை பிடித்தால் எல்லாவற்றையும் ஊறப்போட்டுத்தான் விடும்.

ஸ்டெல்லா டீச்சர் போன் பண்ணினார். "அக்கா, வெரசா வாங்க. தோட்டம் பேச மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். சருகு ஒரு ஊசி கூட நகரவில்லை. மண் கரையவில்லை. செடியெல்லாம் தளதளவென்று நின்றது. வேறு எந்தக் கஸ்டமராக இருந்தாலும் கை கொடுத்திருப்பார். ஆனால் மிதித்தால் சத்தமே இல்லை. வாட்டில் துண்டும் தண்ணீரைக் குடித்து ஊறிப்போய்க் கிடந்தது. மழைச் சத்தம் வேறு. வளைவை அடையாளம் காண முடியவில்லை.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்றார் ராஜமாணிக்கம் சார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "பூட்டிருவோம் டீச்சர். இன்னொரு பொண்ணு விழுந்தா அவங்க அப்பா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

டீச்சர் வாதாடவில்லை. குடையைக் கீழே வைத்துவிட்டு அந்த மழையிலேயே பாதையில் இறங்கினார். மெதுவாக, ஒவ்வொரு எட்டிலும் நின்று நின்று, முன்னேயும் பின்னேயும் நடந்தார். திரும்பி வந்தபோது சேலை முழுக்க நனைந்திருந்தது.

"பெட் பிரச்சினை இல்ல. சத்தம் போனாலும் கால் அமுங்குது, குச்சி சிக்குது. அது எங்களுக்குப் போதும். வளைவுலதான் ஆபத்து. அங்க மழையிலயும் கத்தற சாமான் ஏதாவது இருக்காக்கா?"

"ஜல்லி" என்றேன் நான். "முக்கால் இஞ்சு கருங்கல் ஜல்லி. நனைஞ்சா இன்னும் கத்தும்."

தோட்டக்காரர்களுக்குப் பெட்டை ஒட்டி ஜல்லி போடுவது பிடிக்காது. வெயிலில் சூடாகும், மண்ணோடு கலந்துவிட்டால் பொறுக்கி எடுக்க முடியாது. நானும் போட மாட்டேன் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். அங்கே போட்டேன். வளைவைத் தாண்டி, பள்ளத்து விளிம்புக்கு நன்றாக முன்னாலேயே ஹைட்ரேஞ்சியாக்களில் சிலவற்றைப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டு, மண்ணோடு கலக்காமல் அடியில் ஷீட் விரித்து, இரண்டு பக்கமும் கல் வரிசை வைத்து, அகலமாக ஒரு ஜல்லிப் பட்டை. யார் கால் வைத்தாலும் கரகரவென்று தோட்டம் முழுக்கக் கேட்கும்.

"இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேன்" என்றார் ராஜமாணிக்கம் சார்.

5. மேகம் இறங்கியபோது

அந்த ஜல்லி வேலையைக் காட்டுவதற்காகத்தான் ஒரு நாள் மத்தியானம் அவரைக் கொட்டகை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டெல்லா டீச்சரும் கட்டுப் பிரித்துவிட்ட மகேஸ்வரியும் இன்னும் சில பெண்களும் ஜெரேனியம் பெட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கொட்டகையில் நாற்றுகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது மேகம் இறங்கிவிட்டது. கொடைக்கானலில் அது புதிது இல்லை. ஆனால் அன்றைக்கு இறங்கியது கனமான மேகம். நீட்டிய கை தெரியவில்லை.

"பாத்து வாங்க சார்" என்று சொல்லிக்கொண்டே நான் முன்னால் நடந்தேன். நானே அளந்து, நானே போட்ட பாதை, எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அவர் என் பின்னாலேயே வந்தார். ஏதோ பேசிக்கொண்டே வந்தார். வளைவில் வலது பக்கமாக விலகிப் பெட்டுக்குள் போனது எனக்குத் தெரியவில்லை. காலுக்கடியில் கரகரவென்றது. பேச்சில் எனக்கு அது உறைக்கவில்லை.

"நில்லுங்க! ரெண்டு பேரும் நில்லுங்க!"

மகேஸ்வரியின் குரல். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"அக்கா, ஜல்லி மேல நிக்கிறீங்க. முன்னாடி ஒரு எட்டு கூட வைக்காதீங்க. அப்படியே இருங்க, நான் வாரேன்."

எங்கிருந்து கூப்பிடுகிறாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. குச்சி தட்டுகிற சத்தம் மட்டும், தயங்காமல், வேகமாக எங்களை நோக்கி வந்தது. பிறகு என் முழங்கையில் ஒரு கை பட்டது.

"குச்சியப் பிடிச்சுக்கங்கக்கா. சார், நீங்க அக்கா தோளைப் பிடிச்சுக்கங்க. பின்னாடி வாங்க. இப்ப மெத்துன்னு இருக்கா? இது பெட்டு. இன்னும் வாங்க. இப்ப கெட்டியா இருக்கா? ஆங், பாதைக்கு வந்துட்டீங்க."

முன்பு அவள் விழுந்த அதே இடம்தான் அது. எங்களை வராண்டா வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, "களை இன்னும் கெடக்கு" என்று அவள் திரும்பிப் போய்விட்டாள். அந்த மேகத்துக்குள் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வேலை செய்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ராஜமாணிக்கம் சார் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார்.

டீச்சர் வந்ததும் அவர் எழுந்து நின்றார். "டீச்சர், இனிமே கூட ஆள் போக வேணாம். அவங்க பாட்டுக்குப் போகட்டும்" என்றார். கொஞ்சம் விட்டு, "மேகம் இறங்கினா என்னை மட்டும் யாராவது கூட்டிட்டுப் போங்க" என்றார். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு விளிம்பில் ஒரு கைப்பிடிச் சுவரும் கட்டினார்கள். அது சரியான காரியம்தான், ஸ்டெல்லா டீச்சரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜல்லியையும் எடுக்கவில்லை.

6. நான் படித்தது

மகேஸ்வரி இப்போது ஊர்ப்பக்கம் ஒரு நர்சரியில் வேலை பார்க்கிறாள். வெள்ளனே எழுந்து பஸ் பிடித்துத் தனியாகத்தான் போய் வருகிறாள் என்று கேள்விப்பட்டேன். அந்த மையத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை புதுச் சருகு போடுவது இன்னும் என் சோலிதான். விரிப்பது அவர்கள் சோலி.

அதற்கு முன்னால் நான் செடிக்கு மட்டும்தான் மூடாக்கு போட்டுக்கொண்டிருந்தேன். ஈரம் நிற்குமா, களை வராதா, மண் ஓடாதா என்று பார்ப்பேன். அது தப்பில்லை. ஆனால் தோட்டத்தில் செடியைத் தவிர மனுஷரும் இருக்கிறார்கள். அதை எனக்குக் காட்டியவர்கள் அந்தப் பெண்கள்.

போன மாதம் ஒரு பங்களாவுக்குப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மா, வாசலிலிருந்து ரோஜா பெட் வரைக்கும் பாதையிலும் சேர்த்துப் பைன் சருகு போட வேண்டும், பார்க்க அழகாக இருக்கும் என்றார். அழகாகத்தான் இருக்கும்.

"வீட்டுல யார் யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டேன்.

எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. மாமனார் இருக்கிறார், ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கிறார், சாயந்தரம் ரோஜாவைப் பார்க்கப் போவார் என்றார்.

"அப்ப ஐயாவைக் கூப்பிடுங்கம்மா. சாம்பிள் போட்டு, அவர் நடந்து பார்க்கட்டும். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றேன்.