ஜெபக்குறிப்பை வெளியே சொன்னவள்

என்னோடு ஜெபிக்கிற சகோதர சகோதரிகளுக்கு, இரும்புலியூர் கிருபா எழுதுவது. போன வருடம் கர்த்தர் என் வேலையைக் காத்தார் என்று சபையில் எழுந்து நின்று சொன்னேன். அது பாதிச் சாட்சிதான். மீதியை இப்போது சொல்கிறேன்.

கூடுவாஞ்சேரி தாண்டி, வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். ஆர்டர் நன்றாக வந்த காலத்தில் அந்த வேலையைத் திட்டாத நாளில்லை. வேறு கம்பெனி கூப்பிட்டால் ஓடிவிடுவேன் என்று ஸ்டாஃப் பஸ்ஸில் சத்தமாகவே சொல்வேன். பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா சிரித்துக்கொண்டு வருவார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான். ஒரே பிரிவு, ஒரே தெரு, ஒரே சபை.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஆர்டர் குறைந்தது. முதலில் கான்ட்ராக்ட் ஆட்கள் போனார்கள். பிறகு பிரிவுக்கு ஒருவர் போதும் என்று பேச்சு வந்தது. எங்கள் பிரிவில் நாங்கள் இருவர்தான். வெளியே விசாரித்த இடத்திலெல்லாம் ஆள் வேண்டாம் என்றார்கள். நான் திட்டிய அதே வேலைக்காக அழ ஆரம்பித்தேன். கணவர் இல்லை, மகள் காலேஜில் படிக்கிறாள். "ஆண்டவரே, இந்த வேலை போகக்கூடாது" என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் இல்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில், தங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி அக்கா ஒரு ஜெபக்குறிப்பு கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஆரம்பிக்கிறார்கள், வாரம் இரண்டு நாள் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், ஆபீஸில் இன்னும் சொல்லவில்லை என்றார்கள். கூட்டத்தில் கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் சத்தமாக ஜெபித்தேன்.

திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இனி இரண்டு பேர் வேலையையும் ஒருவரே பார்க்கவேண்டும், யாரால் முடியும் என்று கேட்டார்.

"நான் பாத்துக்கறேன் சார். ஸ்டெல்லா அக்கா பாவம், வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். அடிக்கடி லீவு போடவேண்டியிருக்கும்."

இரக்கப்படுகிற குரலில்தான் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அக்காவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு நான் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து சாட்சி சொன்னேன். சபை ஆமென் என்றது. இரண்டாவது வரிசையில் இருந்து அக்காவும் ஆமென் என்றார்கள்.

வேலை இருந்தது, நிம்மதி இல்லை. இரண்டு ஆள் வேலையைச் செய்துவிட்டு முணுமுணுக்கவும் பயம். கம்பெனி கேட்டுக்கு வெளியே பயோடேட்டாவோடு நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். பஸ்ஸில் யாரும் யாரோடும் மனம்விட்டுப் பேசுவதில்லை. அக்காவோ வாடகை கொடுக்க முடியாமல் கீழ்க்கட்டளையில் தங்கை வீட்டோடு போய்விட்டார்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடும் என்று ஜெபித்தேன். வேலை கிடைத்துவிட்டால் நான் உண்மையைச் சொல்லவேண்டியதில்லை என்ற கள்ளத்தனம் அந்த ஜெபத்துக்குள் இருந்தது. மாதங்கள் போயின. பதிலே இல்லை. கடைசியில் ஒரு நாள், "கர்த்தாவே, அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் கொடும்" என்று கேட்டேன்.

அந்த ஞாயிறே ஆராதனை முடிந்து கீழ்க்கட்டளைக்குப் பஸ் ஏறினேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும் கிருபா," என்றார்கள் அக்கா. "லெட்டர் குடுக்கும்போதே சார் எங்க வீட்டுக்காரர் உடம்பப் பத்தி விசாரிச்சாரு. ஆபீஸ்ல நான் யார்கிட்டயும் சொல்லலையே."

நான் அழுதேன். அவர்கள் அழவில்லை.

"கோவம் இன்னும் போகல. உன் பேரச் சொல்லி ஜெபம் பண்ணலாம்னு உக்காருவேன், வாயே வராது. வேலை போனத விட அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

அடுத்த வெள்ளி ஜெபக்கூட்டத்தில் எல்லோர் முன்பும் இதை ஒத்துக்கொண்டேன். சிலர் இப்போது என் முன்னால் குறிப்புக் கொடுப்பதில்லை. அது நியாயம்தான். அக்கா தானாகவே அலைந்து ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை தேடிக்கொண்டார்கள். சம்பளம் குறைவு, நாளெல்லாம் நிற்கவேண்டும். அது என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

என்னைப்போல் பயத்தில் ஒருவரை மாட்டிவிட்டு, அதை மறைத்துக்கொண்டு முழங்காலில் நிற்கிறவர்கள் உங்களில் இருக்கலாம். அவரிடமே போய்ச் சொல்லும் தைரியத்தைக் கேளுங்கள். கர்த்தர் கொடுப்பார். எனக்கு அதற்கு மேலும் கொடுத்தார். போன வாரம் அக்கா போன் செய்தார்கள்.

"இன்னிக்குக் காலையில ஜெபத்துல உன் பேரச் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.