துண்டுக்குள் சொன்ன எண்கள்

என் மாமாவை நான் ஒரு பரீட்சையில் பாஸ் ஆக்கியபோது எனக்குப் பத்து வயது.

மாமா அம்மாவின் தம்பி, மாட்டுத் தரகர். உடம்பு வலிக்கென்று போட ஆரம்பித்த மாத்திரை போதைப் பழக்கமாகி, அந்த மயக்கத்தில் சிறுமலை ரோட்டில் இரண்டு முறை பைக்கோடு விழுந்தார். இரண்டாவது முறை தலையில் பதினோரு தையல். அதோடு மாத்திரையை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஆனால் காலையில் பேசி முடித்த மாட்டுக்கே மத்தியானம் மறுபடி விலை கேட்டார்.

“திரும்பவும் போடுறியா தம்பி?” என்றாள் அம்மா.

“விட்டு ஆறு மாசமாச்சுக்கா. தலைதான் சொன்னபடி கேக்க மாட்டேங்குது.”

தலையா, மாத்திரையா என்று தெரிந்துகொள்ளத்தான் அம்மா அவரைத் திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். பள்ளி லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: மாமாவுக்குப் பரீட்சை.

டாக்டர் சில எண்களைச் சொல்வார். மாமா அவற்றைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். “ஏழு, ரெண்டு, ஒம்பது, நாலு.” மாமா விழித்தார். அவர் மடியில் தோள்துண்டு கிடந்தது. சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதை அவர்தான் எனக்கு விளையாட்டாகப் பழக்கியிருந்தார். ஐந்து வரை விரல்; அதற்கு மேல் என்றால் கையை முழுதாக ஓர் அமுக்கு, பிறகு மீதி விரல்.

அவரை ஒட்டி உட்கார்ந்திருந்த நான், டாக்டர் தாளைப் பார்த்தபோது துண்டுக்குள் கையை விட்டேன். என் பிடி பட்டதும் மாமாவின் முகம் பழைய சந்தைக்காரர் முகமாகிவிட்டது.

“நாலு, ஒம்பது, ரெண்டு, ஏழு.”

ஐந்து எண் வந்தது. ஆறு எண் வந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல நான் தலைகீழாக அடுக்கி அமுக்கினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. எழுந்து குதிக்காமல் இருந்ததுதான் பெரும்பாடு.

“இதுல ஒரு குறையும் தெரியலம்மா. ஞாபகம் நல்லாத்தான் இருக்கு,” என்றார் டாக்டர்.

பஸ்ஸில் அம்மா தம்பியின் பக்கம் திரும்பவேயில்லை. “அப்ப மாத்திரைதான். ஆறு மாசமா என்கிட்ட பொய் சொல்லிருக்க,” என்றாள் ஜன்னலைப் பார்த்து.

மாமா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

பாஸான மனிதரை எதற்குத் திட்டுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவர் காதருகே போய், “ஆறும் சரி மாமா,” என்றேன்.