நூற்றுக்கு நூறு கேடயம்

லைல் ஹாடக்கை நல்ல மனிதர் என்று சொல்லாதவர் ஊரில் இல்லை. அப்படிச் சொல்ல வைப்பதுதான் அவருடைய முழுநேர வேலை. நடுவில் கொஞ்சம் பாடமும் நடத்தினார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் அரசுப் பள்ளியில் ஆசிரியர், மாநில ஆசிரியர் சங்கத்துக்குப் பதினாறு வருடமாகப் பள்ளிப் பிரதிநிதி, ஞாயிறன்று தேவாலயத்தில் டீக்கன் என்னும் சபை ஊழியர்.

ஆகஸ்டில் பள்ளி திறக்குமுன் மேஜை போட்டு உட்காருவார். கோழி வைத்த பிஸ்கட் ரொட்டியும் சங்கத்தின் துணிப்பையும் கொடுத்து ஆள் சேர்ப்பார்.

"எவனாவது உங்க மேல புகார் குடுத்தா, நம்ம வக்கீல் உங்க பக்கத்துல உட்கார்ந்திருப்பாரு. கையெழுத்தப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க."

வேலைக்கு வந்து இரண்டே வருடமான மார்வா டிஸ்டேல் அதை நம்பி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.

செப்டம்பரில், சாப்பாட்டு வரிசையில் அடித்துக்கொண்ட இரண்டு பிள்ளைகளைக் கையைப் பிடித்து விலக்கினாள். ஒரு பிள்ளையின் கையில் அவள் விரல் பதிந்துவிட்டது. தாய் புகார் கொடுத்தாள். வேலை போகலாம் என்ற நிலை. அக்டோபர் நடுவில் மார்வா சங்கத்துக்குப் போன் செய்தாள். நீங்கள் சேர்ந்ததே அக்டோபர் மூன்றில்தான், அதற்கு முன் நடந்ததற்கு வக்கீல் கிடையாது என்றார்கள்.

நேரே லைலிடம் போனாள்.

"ஆகஸ்ட்லயே என் கையெழுத்த வாங்குனீங்களே, பிரதர்?"

"வாங்குனேன் சிஸ்டர். அந்தக் கணக்கு வாத்தியார் ப்ரூயிட் மட்டும் போட மாட்டேன்னுட்டாரு. அவரையும் சேர்த்து எல்லாத்தையும் ஒண்ணா அனுப்பினாத்தான், ஒருத்தர் விடாம சேர்ந்த பள்ளிக்கூடம்னு சங்கம் குடுக்குற நூத்துக்கு நூறு கேடயம் கிடைக்கும். தாஜா பண்ணி இப்பத்தான் வழிக்குக் கொண்டுவந்தேன்."

"அதுவரைக்கும் என் ஃபாரம் எங்க இருந்துச்சு?"

"என் டிராயர்லதான். பத்திரமா."

சொன்ன முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை.

"இப்ப நான் என்ன பண்றது?"

"உங்களுக்காக ஜெபிக்கிறேன் சிஸ்டர்."

ஜெபத்தைக் குறை சொல்லவில்லை, ஆண்டவர் கேட்கிறவர்தான். ஆனால் ஒரு கவரைத் தபாலில் போடச் சோம்பிவிட்டு, அந்த வேலையை ஆண்டவர் தலையில் கட்டுகிறவனை என்னவென்று சொல்வது?

விசாரணையில் அந்தத் தாய்க்கு வக்கீல் இருந்தார். மார்வாவின் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. கிறிஸ்துமஸோடு வேலை முடிகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நவம்பரில் கேடயம் வந்தது. லைல் புது டை கட்டிக்கொண்டு எல்லாரையும் புகைப்படத்துக்கு வரிசையாக நிறுத்தினார்.

"வாங்க சிஸ்டர், நீங்க இல்லாம நூறு எப்படி வரும்?"

மார்வா துணிப்பையை மடித்து அவர் மேஜையில் வைத்தாள். "அன்னிக்கு என் பக்கத்துல ஆள் இல்ல, பிரதர். இன்னிக்கு உங்க பக்கத்துல நான் இல்ல."

லைல் ப்ரூயிட்டை அந்த இடத்துக்கு நகர்த்தி நிறுத்திவிட்டு, கேடயத்தை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்.